வாய் நிறைய ஆணி

கீழுதட்டுக்குள் அடுக்கி வைத்த ஆணிகளில் ஒன்றை மட்டும் நாக்கு நுனியால் வெளியே தள்ளி, காந்தச் சுத்தியலின் முகத்தில் ஒட்டவைத்து, மரச்சட்டத்தில் ஒரே தட்டில் இறக்குகிறார் சோபா அக்கா. அடுத்த ஆணி அதற்குள் உதட்டுக்கு வந்து நிற்கிறது. இடது கை துணியை இழுத்துப் பிடித்திருக்கிறது. கண் சுவரில் மாட்டிய டிவியில் இருக்கிறது. அங்கே இரண்டு சம்பந்திகள் ஒரே குடைக்குள் நின்றுகொண்டு, யார் நனைவது என்பதில் ஒருவருக்கொருவர் மரியாதை காட்டிச் சண்டை போடுகிறார்கள். கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அக்கா சிரிக்கவில்லை.

ஆணி வயிற்றுக்குள் போய்விடும் என்ற பயம் இல்லை. உண்மையிலேயே சிரிப்பு வரப்போகிறது என்று தெரிந்தால் அக்கா முன்னதாகவே ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிடுவார். துப்பவில்லை என்றால் அந்தக் காட்சிக்கு அவ்வளவுதான் மதிப்பு என்று கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். ஓரளவு பரவாயில்லை என்றால் ஆணிகள் ஒரு கன்னத்துக்கு ஒதுங்கும். அது பாதி மார்க்.

கடை ஒரு பின்தெருவில், கண்ணாடிக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. உள்ளே பசை வாசனையும் புதுத் துணி வாசனையும் பழைய சோபாக்களின் வயிற்றிலிருந்து கிளம்பிய பஞ்சுப் புழுதியும் கலந்து அடிக்கும். பழுதுக்கு வந்த சோபாக்களெல்லாம் டிவியைப் பார்த்தபடி நிற்பது யாரையும் உபசரிக்க அல்ல. வேறு எப்படித் திருப்பினாலும் கதவு திறக்காது. ஆனால் சோபாவைக் கண்டதும் மனிதர்களுக்குக் கால் வலிக்கத் தொடங்கிவிடுகிறது. சனிக்கிழமை மதியம் ஆனால் வேலை முடிந்தவர்களும் முடிக்காதவர்களும் வந்து, அடுத்தவர் வீட்டுச் சோபாவில் சாய்ந்துகொள்வார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே வழக்கில் வந்து நிற்கும். டிவியில் வந்த நகைச்சுவைத் தொடர்களிலேயே மிகப் பெரியது எது? அருமையாக இருந்தும் யாரும் கண்டுகொள்ளாமல் விட்டது எது?

அக்காவுக்கு இதில் சொந்தமாக ஒரு சாஸ்திரம் உண்டு. பழுதுக்கு வந்த சோபாவைத் தட்டிப் பார்த்தே அந்த வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். அழுகைத் தொடர் பார்க்கிற வீட்டில் முன்விளிம்பு இறங்கியிருக்கும். அடுத்து என்ன ஆகுமோ என்று நுனியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பந்தாட்டம் பார்க்கிற வீட்டில் கைப்பிடி ஆடும். விழுகிற குத்தெல்லாம் அதன்மேல்தான். நகைச்சுவைக்கு முதுகுப்பக்கம். “சிரிக்கிறவன் பின்னாலதான் சாய்வான். முதுகு ஸ்பிரிங் போயிருந்தா அது நல்ல வீடு” என்பார். ஒரு முறை முகத்தில் கடுகு வெடிக்கிற ஒருவர், தாங்கள் செய்தி மட்டுமே பார்ப்போம் என்று பெருமையாகச் சொல்லி ஒரு சோபாவை இறக்கினார். அக்கா முதுகைத் தட்டிப் பார்த்தார். “செய்திக்கா சார் இப்படி விழுந்து விழுந்து சாஞ்சீங்க?” அவர் சிறிது நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் வேறு சேனல் வைப்பதுண்டு என்று ஒப்புக்கொண்டார். அந்தச் சோபாவின் முதுகுக்கு அக்கா கேட்காமலே இரட்டைப் பட்டை போட்டுக் கொடுத்தார்.

இந்தத் தொழிலை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒன்றைப் பிரித்தால் பிரித்த வரிசையிலேயே தரையில் பரப்பி வைப்பார். கடைசியில் எடுத்ததை முதலில் மாட்டுவார். கோணல் என்றால் மறுபடி பிரிப்பார். ஒரு மூலைமடிப்பு சரியாக உட்கார ஒரு பகல் போனாலும் போகட்டும். அவர் கணவர் இந்தப் பொறுமையை வாய் ஓயாமல் புகழ்வார். ஆனால் நகைச்சுவைத் தொடரின் பாட்டு ஆரம்பித்ததும் தூங்கிவிடுகிறவர் என்பதால், வழக்கில் அவருக்கு ஓட்டு இல்லை.

சனிக்கிழமை வழக்கில் தவறாமல் ஆஜராகிறவர்கள் மூன்று பேர். நர்ஸம்மா மருத்துவமனையில் முறை முடிந்து நேரே வருவார். காலணியைக் கழற்றிவிட்டு, இருப்பதிலேயே மெத்தென்ற சோபாவைப் பிடித்துக்கொள்வார். அவருடைய கட்சி ‘ஆபீஸில் அமைதி’. யாரும் அதிகம் பேசாத, கிறீச்சிடுகிற ஒரு நாற்காலியை மையமாக வைத்த தொடர் அது. “வயித்துல தையல் போட்ட பேஷண்ட், கையெடுத்துக் கும்பிட்டு, சிஸ்டர் தயவுசெஞ்சு சேனலை மாத்துங்க, தையல் பிரிஞ்சிடும்னு கெஞ்சினாரு. இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்?” அன்றைக்கு அக்காவின் ஆணிகள் கன்னத்துக்கு ஒதுங்கின. கண்ணாடிக் கடைக்காரருக்குக் கட்சியே கிடையாது. யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் நியாயம். “ஆமா, அதுவும் சரிதானே” என்று சொல்லிக்கொண்டே சோபா சோபாவாக மாறி உட்கார்வார்.

மூன்றாமவர் அக்காவின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. இருந்தாலும் அக்காவுக்குத் தம்பி என்பதால் தெருவுக்கே தம்பி. எதையும் மட்டம் பார்க்கிற கண் அவருக்கு. சுவரில் காலண்டர் ஒரு விரல் சாய்ந்திருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போய்ச் சரி செய்துவிட்டு வருவார். அவருடைய கட்சி ‘இரண்டு சம்பந்திகள்’. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற, எல்லா வீட்டிலும் தெரிகிற தொடர்.

“வருஷக்கணக்கா ஓடுதுக்கா. அதுக்கு மேல என்ன சாட்சி?”

“ஜலதோஷம் வந்தா மூக்கும்தான் ஓடுது.”

அக்காவின் கட்சி ‘சாவி யாரிடம்?’. அக்கா கல்யாணத்துக்கு முன் பார்த்தது. சில வாரங்கள் மட்டும் வந்து, ஒரு புதன்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் நின்று, அந்த நேரத்துக்குச் சமையல் நிகழ்ச்சி வந்துவிட்டது. மறு ஒளிபரப்பு கிடையாது. இணையத்தில் எப்படி எப்படியோ தேடிப் பார்த்தாயிற்று. ஒரு படம்கூட இல்லை. ஊரிலுள்ள பூட்டையெல்லாம் திறந்து கொடுக்கிற ஒரு பூட்டு ரிப்பேர்காரன், தன் வீட்டுச் சாவியை மட்டும் எங்காவது மறந்து வைத்துவிட்டு வாசலில் நிற்பான். இன்னொரு பூட்டுக்காரனைக் கூப்பிட ரோஷம் விடாது. அவ்வளவுதான் கதை.

அதில் ஒரு காட்சியை அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார். பூட்டுக்காரன் வழக்கம்போல் சாவி இல்லாமல் வந்து, மாடி ஜன்னல் வழியாக நுழைய ஏணி போடுகிறான். பக்கத்து வீட்டுக்காரன் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொள்கிறான். மகா மரியாதைக்காரன். தெருவில் யார் போனாலும் கை குலுக்காமல் விடமாட்டான். ஒவ்வொரு முறை கை குலுக்கும்போதும் ஏணி ஒரு சாண் நழுவும். மேலே தொங்குகிறவனும் மரியாதையை விடாமல், போகிறவர்களை அங்கிருந்தே நலம் விசாரிப்பான். கடைசியில் வீட்டுக் கதவைச் சும்மா தள்ளிக்கொண்டு அவன் மனைவி வெளியே வருவாள். கதவு பூட்டியே இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் அவளுக்கும் கை கொடுப்பான். ஏணி மேலிருந்து, “எங்க போற?” என்று கேட்பான் புருஷன். அவள் அண்ணாந்து பார்த்து ஏதோ சொல்வாள்.

“என்ன சொன்னா?” என்று கடை முழுக்கக் கேட்கும்.

“தெரியாது. என் காதுல விழல.”

அதுதான் அக்கா கட்சியின் பலவீனம். உலகத்திலேயே மிகச் சிறந்த நகைச்சுவைக்கு முடிவு கிடையாது. அந்தக் கதவு திறந்த நொடியில் அக்கா சிரித்த சிரிப்பில், உட்கார்ந்திருந்த சோபாவின் முதுகு ஸ்பிரிங் டங்கென்று அறுந்துவிட்டது. சிரிப்பும் ஸ்பிரிங்குமாகச் சேர்ந்து அவள் சொன்னதை விழுங்கிவிட்டன. தம்பி தரையில், டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் சத்தமில்லாமல் சிரிக்கிற ரகம். தோள் மட்டும்தான் குலுங்கும். அவருக்கு நன்றாகக் கேட்டது. என்ன சொன்னாள் என்று அக்கா அப்போதே கேட்டதற்கு, தன் சைக்கிளைத் துடைத்தால் சொல்வதாகச் சொன்னார். அக்கா முடியாது என்றார். அடுத்த வாரம் நாடகமே நின்றுவிட்டது. அக்கா பிரித்துச் சரி செய்த முதல் சோபா அதுதான்.

பக்கத்து வீட்டுக்காரன் எந்தக் கோலத்தில் வந்து ஏணியைப் பிடித்தான் என்பதை மட்டும் அக்கா கடையில் ஒரு தடவையும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

பல வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, சம்பந்திகளை அக்கா கந்தல் கந்தலாகக் கிழித்துப் போட்ட பிறகு, நர்ஸம்மா தம்பியிடம் சாட்சி கேட்டார். நீங்களும் கூட இருந்தீர்களே, அந்தப் பூட்டுக்காரன் நாடகம் அவ்வளவு நன்றாக இருந்ததா? தோற்ற கடுப்பில் இருந்த தம்பி முகத்தை நீட்டிக்கொண்டு சொன்னார்: “எந்த நாடகம்? அப்படி ஒண்ணு வந்ததே இல்லையே.” கடை அதிர்ந்தது. அவர் பேசி யாரும் அப்படிச் சிரித்தது அதுவரை இல்லை. ருசி கண்டுவிட்டார். அதிலிருந்து வாராவாரம் அதே பாட்டு. அக்காவின் கனவில் மட்டும் வருகிற சேனல் என்பார். முடிவு தெரியாததற்குக் காரணம் அதற்குள் அக்கா விழித்துக்கொண்டதுதான் என்பார். கல்லுளிமங்கன் மாதிரி முகத்தில் ஒரு சுருக்கம் அசையாது.

அக்கா இதற்கெல்லாம் கோபப்படுகிறவர் அல்ல. ஆனால் ஒரு நாள் மாடிக்குப் போயிருந்தபோது, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, விளையாட்டெல்லாம் போதும், அவள் என்னதான் சொன்னாள் என்று கேட்டார். தம்பி அதே முகத்தோடு, “எந்த நாடகம்க்கா?” என்றார். அந்த நிமிடம்தான் அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. நடிக்கிறானா, நிஜமாகவே மறந்துவிட்டானா? அதை அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. மறந்திருந்தால், அந்த நாடகத்தைப் பார்த்த ஆள் என்று உலகத்தில் தான் ஒருத்திதான். அப்புறம் அது வந்ததற்கும் வராததற்கும் என்ன வித்தியாசம்? சில நாள் சுத்தியலை ஓங்கிவிட்டு, உண்மையிலேயே கனவுதானோ என்று நின்றதும் உண்டு. அதை யாரிடமும் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் தம்பியின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. அவள் வேறு ஊரில் இருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்று, அதையும் சாதித்துவிட்டாள். தம்பி மாடியைக் காலி செய்ய ஆரம்பித்தார். ஒரு பொருளை மட்டும் மேலிருந்து இறக்கி அக்காவின் கடையில் வைத்தார். அன்றைக்கு அக்காவின் சிரிப்பில் ஸ்பிரிங் அறுந்த, இருவர் உட்காரும் அந்தப் பழைய சோபா. புதுத் துணி போட்டுக் கொடு, பேத்தி வீட்டுக்கு அழுக்காக எடுத்துப் போக முடியாது என்றார். போனால் என்ன, தினமும் போனில் பேசிக்கொள்ளலாமே என்று கண்ணாடிக் கடைக்காரர் தேற்றினார். பேசலாம். ஆனால் போனில் “எந்த நாடகம்?” என்று கேட்டால் முகத்தைப் பார்க்க முடியாது. அக்கா அதைச் சொல்லாமல், பழைய துணியைப் பிரிக்க உட்கார்ந்தார்.

வண்டி வருகிற நாள் சனிக்கிழமையாகவே அமைந்தது. மதியம் எல்லோரும் வந்துவிட்டார்கள். சோபாவின் அடிப்பக்கமும் இருக்கையும் முடிந்திருந்தன. முதுகின் ஓர் ஓரம் மட்டும் பாக்கி. அக்கா வாய் நிறைய ஆணியோடு முழங்காலிட்டிருந்தார். தம்பி தலைமாட்டில் நின்று, துணியின் கோடு நேராக வருகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நாள் என்பதால் தீர்ப்புச் சொல்லியே ஆகவேண்டும் என்றார் நர்ஸம்மா. சம்பந்திகளுக்காகத் தம்பி ஒரு பிரசங்கமே செய்தார். ஓடிய வருடங்கள், பார்க்கிற வீடுகள், சம்பந்தி வேஷம் கட்டியவரைத் தெருவில் கண்டு சொந்தச் சம்பந்தி என்றே நினைத்துச் சண்டைக்குப் போன ஆள். கண்ணாடிக் கடைக்காரர், “ஆமா, அதுவும் சரிதானே” என்றார்.

அக்கா தன் முறைக்குப் பூட்டுக்காரன் கதையையே எடுத்தார். கேட்டுக் கேட்டுப் புளித்த கதை. நர்ஸம்மா கொட்டாவியை உள்ளங்கையால் மறைத்தார். சாவி மறந்தாயிற்று, ஏணி வந்தாயிற்று.

“பக்கத்து வீட்டுக்காரன் அப்பத்தான் ஆபீசுக்குக் கிளம்பி நிக்கிறான்” என்றார் அக்கா, ஆணிகளின் இடுக்கு வழியாக. “கோட்டு, டை, பளபளன்னு ஷூ. அந்தக் கோலத்துல ஓடிவந்து ஏணியைப் பிடிக்கிறான்.”

ஆணி ஒன்று இறங்கியது. தம்பி மூடியிருந்த கண்ணைத் திறந்தார்.

“கோட்டா?”

அக்கா அடுத்த ஆணியைச் சுத்தியலில் ஒட்டினார். “ஆமா. நீல கலர் கோட்டு.”

“என்னக்கா உளர்ற? அவன் பாதி ஷேவிங்ல எழுந்து வந்தவன். பனியனோட நிப்பான். ஒரு கன்னம் பூரா நுரை, கையெல்லாம் நுரை. அந்தக் கையாலதான் வர்றவன் போறவனுக்கெல்லாம் கை குடுப்பான். வாங்கினவன் ஒவ்வொருத்தனும் நாலடி போனதும் யாருக்கும் தெரியாம சட்டையில துடைச்சுக்குவான். கோட்டைப் போட்டு நிறுத்திட்டா அப்புறம் அந்த சீன்ல என்னதான் இருக்கு?”

டிவியில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். கடையில் எல்லோரும் தம்பி பக்கம் திரும்பினார்கள்.

கண்ணாடிக் கடைக்காரர்தான் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். “அக்கா இத்தனை வருஷத்துல நுரையைப் பத்திச் சொன்னதே இல்லையே.”

“தம்பி,” என்றார் நர்ஸம்மா, சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, “இல்லாத நாடகத்துல நுரை எங்கேருந்து வந்துச்சு?”

லிஃப்டுக்குள் தானே மாட்டிக்கொண்ட மெக்கானிக்கின் முகம் எப்படியிருக்கும் என்று கடை அன்று பார்த்தது. காதுமடல் சிவந்தது. காலண்டரைப் பார்த்தார், அது நேராகத்தான் இருந்தது. அக்கா ஜெயித்த மாதிரி எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. சுத்தியலை மட்டும் மடியில் வைத்தார். தம்பியின் முகத்தையே பார்த்தார்.

“அவ என்னடா சொன்னா?”

தம்பி குனிந்து சோபாவின் முதுகைத் தடவினார். முன்னொரு நாள் ஸ்பிரிங் அறுந்த இடம் அது. புதுத் துணிக்கு அடியில் இப்போது ஒன்றும் தட்டுப்படவில்லை.

“முதல்ல ஆணியைத் துப்பு” என்றார்.

அக்கா உள்ளங்கையைக் குவித்து மோவாய்க்குக் கீழே பிடித்தார். ஆணிகள் ஒவ்வொன்றாக, ஈரமாக, கையில் விழுந்தன. நர்ஸம்மா டிவியின் சத்தத்தை நிறுத்தினார்.

தம்பி நிமிர்ந்தார். ஏணி மேலிருப்பவனைப் பார்க்கிறவள் மாதிரி கழுத்தை அண்ணாந்து, ஒரு பெண்ணின் சலிப்பான, சாவகாசமான குரலில் சொன்னார்: “கதவு பூட்டிக்கவே மாட்டேங்குது. நல்ல பூட்டுக்காரனாப் பாத்துக் கூட்டிட்டு வர்றேன்.” பிறகு தன் குரலில், “சொல்லிட்டு, கை நுரையைத் துடைச்சுக்கிட்டே போயிடுவாக்கா” என்றார்.

முதலில் வெடித்தது கண்ணாடிக் கடைக்காரர். நர்ஸம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தையல் போட்ட நோயாளியைப் போலவே மடங்கினார். தம்பியின் தோள் இரண்டும் சத்தமில்லாமல் குலுங்கின. அப்புறம் வந்தது அக்காவின் சிரிப்பு. தெரு இதுவரை கேட்டிராத சிரிப்பு. அக்கா சோபாவின் இருக்கையில் புரண்டு உட்கார்ந்து, அப்படியே பின்னால் சரிந்து அதன் முதுகில் விழுந்தார். ஸ்பிரிங் தாங்கியது. சலவைக் கடையிலிருந்து ஓர் ஆள் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார். கண்ணாடிக் கடைக்காரர் அவருக்கு ஏணியிலிருந்து ஆரம்பித்து விளக்க முற்பட்டு, பாதியிலேயே முடியாமல் கையை வீசிவிட்டார்.

வெளியே வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. முதுகு ஓரத்தில் இன்னும் ஒரு சாண் பாக்கியிருந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி, மறுபடி முழங்காலிட்டார். துணியை இழுத்துப் பிடித்தார். உள்ளங்கையிலிருந்து ஓர் ஆணியை எடுத்து வாயருகே கொண்டுபோனார். உதடு கோணியது. ஆணி கைக்கே திரும்பியது. மூச்சை இழுத்து, முகத்தை இறுக்கிக்கொண்டு, தம்பி பக்கம் பார்க்காமல் மறுபடி கொண்டுபோனார். உதடு வரை போன ஆணி, அங்கே ஒரு நொடி நடுங்கிவிட்டு, மறுபடி உள்ளங்கைக்கே வந்து சேர்ந்தது.